டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்: காருக்கு டயர், ஆயில், திரவங்கள் தேர்ந்தெடுக்கும் முறை

என் டீசல் காரின் டேஷ்போர்டில் ஒருநாள் காலையில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. டிபிஎஃப் எனப்படும் புகைவடிகட்டி அடைபட ஆரம்பித்துவிட்டது என்று சொல்லும் விளக்கு அது. என்னால் நம்பவே முடியவில்லை. ஆயில் மாற்றுவதை ஒரு தடவைகூடத் தள்ளிப்போட்டதில்லை. கையேட்டில் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தது. டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அதே 5டபிள்யூ-30 இருப்பதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு முறையும் வாங்கினேன். கோளாறு டப்பாவின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. அதை நான் படிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு டயர், கூலன்ட், பிரேக், கியர் என்று காருக்குப் போகும் எல்லாவற்றையும் பொடி எழுத்தைப் படித்துத்தான் வாங்குகிறேன். அந்த வரிசையை அப்படியே எழுதுகிறேன். ஜாக்கி போடுவது, ஆயில் வடிப்பது, ஃபில்டர் கழற்றுவது எல்லாம் இதில் இல்லை. எதை வாங்குவது என்பது மட்டும்தான்.

படி 1: மூன்று இடங்களைப் படம் எடுத்து வையுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் அது எரிபொருள் மூடியின் உட்புறம் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. இரண்டாவது, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டயரின் பக்கச்சுவர். மூன்றாவது, கையேட்டின் கடைசிப் பக்கங்களில் வரும் திரவங்களின் பட்டியல். ஸ்டிக்கரும் டயரும் வேறு வேறு அளவு சொன்னால் ஸ்டிக்கரையே நம்புங்கள். பழைய கார் வாங்கியவர்களுக்கு இது முக்கியம், முந்தைய உரிமையாளர் என்ன மாட்டினார் என்று நமக்குத் தெரியாது.

கையேடு தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். மாடல் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஒரே மாடலில் பெட்ரோலும் இருக்கும், டீசலும் இருக்கும், இரண்டுக்கும் ஆயில் வேறாக இருக்கலாம். ஆண்டையும் என்ஜின் வகையையும் சேர்த்தே பாருங்கள்.

படி 2: டயர்

195/65 ஆர்15 91எச் என்று ஒரு டயரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். அகலத்தில் 65 சதவீதம்தான் பக்கச்சுவரின் உயரம், அதாவது சுமார் 127 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், டயருக்குள் இழைகள் அடுக்கப்பட்ட விதம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இதுவரை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். கடைசியில் இருக்கும் 91எச் பலர் கண்ணில் படுவதில்லை. 91 என்பது சுமைக் குறியீடு. சரியான காற்றழுத்தத்தில் அந்த ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 82 என்றால் 475 கிலோதான். அளவு ஒன்றாக இருந்தாலும் சுமைக் குறியீடு குறைந்த டயரை மாட்டினால், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறும் நாளில் டயர் தன் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். எச் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 210 கி.மீ. டி என்றால் 190, வி என்றால் 240. அவ்வளவு வேகம் யார் போகப்போகிறார்கள் என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதும் அந்த எழுத்தில்தான் அடங்கியிருக்கிறது. இந்த இரண்டும் ஸ்டிக்கரில் உள்ளதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கட்டும்.

அடுத்தது வயது. டாட் என்று தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் இந்த நான்கு இலக்கமும் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும், அதனால் மாட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் பாருங்கள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் முதிர்ந்துகொண்டேதான் இருக்கும். பள்ளங்கள் தேயாமல் புதிதாக இருக்கிறதே என்று பழைய டயரை வாங்க நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

காற்றழுத்தத்தில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. டயரின் பக்கச்சுவரில் ஒரு அழுத்த எண் இருக்கும். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, உங்கள் காருக்கு அடிக்க வேண்டிய அளவு அல்ல. அடிக்க வேண்டியது கதவுத் தூணில் இருக்கிறது. அதையும் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்தால்தான் சரியாக வரும். பொது பம்புகளில் தொங்கும் மீட்டரை நான் நம்புவதில்லை. சொந்தமாக ஒரு டிஜிட்டல் அளவி வாங்கிக் காருக்குள் போட்டுவையுங்கள். இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பயன்பட்ட கருவி அதுதான்.

தேய்மானத்துக்கு அளவி தேவையில்லை. பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும், உயரம் 1.6 மி.மீ. டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் ஆயுள் முடிந்தது. ஈரச் சாலையில் நிறைய ஓட்டுபவர்கள் அதுவரை காத்திருக்காமல் முன்பே மாற்றுவது நல்லது. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தண்ணீர் வெளியேறும். இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியவை பின் அச்சுக்குப் போகட்டும், முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும் சரி. ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்துச் சமாளிக்க முடியும். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த சிலர், அகலமான டயர் போடலாமா என்று கேட்டிருந்தார்கள். முதலில் மொத்த விட்டத்தைக் கணக்குப் போடுங்கள். 195/65 ஆர்15-க்கு ரிம் 381 மி.மீ., மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர் சேர்ந்து 253.5, மொத்தம் 634.5 மி.மீ. 205/55 ஆர்16-க்கு அதே கணக்கில் சுமார் 632 வரும். வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் கீழே, அதனால் வேகமானி ஏமாற்றாது. 205/65 ஆர்15 போட்டால் 647.5 ஆகிவிடும். இரண்டு சதவீதம் கூடியதில் வேகமானி நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும், வளைவில் டயர் உள்ளே உரசவும் கூடும். தயாரிப்பாளர் மாற்று அளவு கொடுத்திருந்தால் அதற்குள்ளேயே நின்றுகொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து.

படி 3: என்ஜின் ஆயில் (நான் தடுக்கி விழுந்த இடம்)

5டபிள்யூ-30 என்பது ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை மட்டுமே சொல்கிறது. டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. 5டபிள்யூ ஆயிலை உறைய வைக்கும் குளிரில், மைனஸ் 30 டிகிரியில் சோதிப்பார்கள். என்ஜின் சுழலத் தடையில்லாத அளவுக்கு அது இளகியிருக்க வேண்டும். பின்னால் வரும் 30 என்பது 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மை. 40 இன்னும் கெட்டி, 20 இன்னும் இளக்கம். அந்த எண்ணில் இருப்பது இவ்வளவுதான். அதற்குள் என்ன ரசாயனம் கலந்திருக்கிறது என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்வதில்லை.

என் விஷயத்தில் நடந்தது இது. ஆயிலில் அழுக்கைக் கரைக்கவும் தேய்மானத்தைத் தடுக்கவும் கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் கலந்த பொருட்களைச் சேர்க்கிறார்கள். ஓடும்போது கொஞ்சம் ஆயில் எரியத்தான் செய்யும். எரிந்ததும் அந்த உலோகங்கள் சாம்பலாகிப் புகையோடு வடிகட்டிக்குப் போகின்றன. வடிகட்டியில் சேரும் கரியை, சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றிக் கார் தானே எரித்துவிடும். சாம்பல் எரியாது. ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள் அது, உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் டிபிஎஃப் உள்ள என்ஜின்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள்.

இதைச் சொல்வது ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தரக் குறியீடு. கையேட்டில் எனக்குக் கேட்டிருந்தது ஏசிஇஏ சி3. அதில் சாம்பல் அளவு 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நான் ஊற்றியதோ ஏ3/பி4. அதில் சாம்பல் ஒரு சதவீதத்துக்கு மேலும் போகலாம். நல்ல ஆயில்தான், டிபிஎஃப் இல்லாத என்ஜினுக்கு. இரண்டு டப்பாவின் முன்பக்கத்திலும் 5டபிள்யூ-30 என்றே எழுதியிருந்தது. கடைசியில் வடிகட்டியைக் கழற்றித் தனியாகச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. சி3-க்கு மாறிய பிறகு அந்த விளக்கு மறுபடி எரியவில்லை.

ஆகவே டப்பாவைத் திருப்பி இந்த வரிசையில் பாருங்கள். முதலில் கெட்டித்தன்மை எண். அடுத்து ஏபிஐ (இது அமெரிக்கத் தரக் குறியீடு) அல்லது ஏசிஇஏ தரக் குறியீடு. மூன்றாவதாக, கையேடு கேட்டால் மட்டும், கார்த் தயாரிப்பாளரின் சொந்த ஒப்புதல் எண், உதாரணமாக விடபிள்யூ 507 00 அல்லது எம்பி 229.51. இந்த மூன்றாவதில் வார்த்தையைக் கவனியுங்கள். 'ஒப்புதல் பெற்றது' என்றால் கார்த் தயாரிப்பாளர் சோதித்து ஏற்றுக்கொண்டார் என்று பொருள். 'ஏற்றது', 'பரிந்துரைக்கிறோம்' என்று இருந்தால் அது ஆயில் விற்பவரின் வாக்கு மட்டுமே. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் காருக்கு நான் முதல் வகையைத்தான் வாங்குவேன்.

பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் ஏபிஐ குறியீடு போதும். எஸ் என்று தொடங்குவது பெட்ரோலுக்கு, சி என்று தொடங்குவது டீசலுக்கு. எஸ்-க்கு அடுத்த எழுத்து ஆங்கில அகர வரிசையில் பின்னால் வர வரத் தரம் புதியது. 2020-இல் வந்த எஸ்பி, அதற்கு முந்தைய எஸ்என் கேட்கும் என்ஜினுக்கும் பொருந்தும். டர்போவுடன் நேரடி எரிபொருள் செலுத்தல் உள்ள சிறிய என்ஜின் என்றால் எஸ்பி-யே வாங்குங்கள். அந்த என்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் ஒரு சிக்கல் உண்டு. அதைத் தடுக்கிறதா என்று எஸ்பி-க்குத் தனிச் சோதனை இருக்கிறது.

வண்டி பழசாகிவிட்டது, கெட்டியான ஆயில் ஊற்று என்று யாராவது சொல்வார்கள். கையேடு அனுமதிக்கும் எண்களுக்குள் கெட்டியானதைத் தேர்வு செய்யலாம், அதைத் தாண்ட வேண்டாம்.

படி 4: கூலன்ட்

என்ஜினைக் குளிர்விக்கும் இந்தத் திரவத்தை நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, ஊதா எல்லாம் சேர்க்கப்பட்ட சாயம். எந்த நிறத்துக்கு எந்த ரசாயனம் என்று எல்லோருக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் துருத்தடுப்புப் பொருள்தான் விஷயம். சில தயாரிப்பாளர்கள் சிலிகேட் உள்ளதைக் கேட்பார்கள், சிலர் சிலிகேட்டே இல்லாமல் பாஸ்பேட் உள்ளதைக் கேட்பார்கள். பொருந்தாத இரண்டைக் கலந்தால் துருத்தடுப்பு சீக்கிரம் தீர்ந்துபோகும், சில சமயம் கூழ்போல் திரண்டு குழாய்களை அடைக்கும். ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுவதும் வடித்து, கழுவிவிட்டுப் புதிதாக நிரப்புவதே நிம்மதி.

நேரடியாக ஊற்றும் கலவையா, தண்ணீர் கலக்க வேண்டிய அடர்திரவமா என்று டப்பாவில் பாருங்கள். அடர்திரவத்தை அப்படியே ஊற்றினால் நல்லது என்று நினைப்பது தவறு. தண்ணீர் அளவுக்கு அது சூட்டை எடுத்துச் செல்லாது. பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கலக்கும் தண்ணீர் கனிமம் நீக்கியதாக இருக்கட்டும். என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். மீதியைப் பூட்டி வையுங்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், கொடிய விஷம். குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் ஆபத்து.

படி 5: நாம் 'பிரேக் ஆயில்' என்று சொல்வது

பேச்சில் ஆயில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தப் பெயரே ஆபத்து, ஏனென்றால் அது எண்ணெயே அல்ல. அந்தத் தொட்டியில் எண்ணெய் கொஞ்சம் விழுந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப்போய் பிரேக்கே பிடிக்காமல் போகலாம். என்ஜின் ஆயில் ஊற்றிய புனலை இங்கே கொண்டுவராதீர்கள். இதற்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். டயரில் பார்த்த டாட்டும் இதுவும் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச்சுருக்கம்தான், ஆனால் அங்கே அது டயரின் அடையாளக் குறியீடு, இங்கே திரவத்தின் தர வகை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 மட்டும் சிலிகோன், அதை இவற்றோடு கலக்கவே கூடாது. 5-க்கும் 5.1-க்கும் புள்ளி ஒன்றுதான் வித்தியாசம் என்று தோன்றும், உண்மையில் இரண்டும் முற்றிலும் வேறு பொருள்.

கிளைகால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வரும்போது உள்ளே கொதித்து ஆவியானால், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. அதனால் கையேட்டில் வேறு காலம் சொல்லாதவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். போன வருடம் திறந்த டப்பாவில் மிச்சம் இருந்தால் அதைப் பயன்படுத்துவதில்லை. தொட்டியில் மட்டம் இறங்கியிருந்தால் உடனே ஊற்றி நிரப்பாமல் முதலில் பிரேக் பேடுகளைப் பாருங்கள். பேடு தேயத் தேய மட்டம் இறங்குவது இயல்பு. தேய்மானம் இல்லாமலே இறங்கினால் எங்கோ கசிகிறது, வண்டியை எடுக்காதீர்கள்.

படி 6: கியர், ஸ்டீயரிங்

ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் சாதாரண ஆட்டோமேட்டிக், சிவிடி, இரட்டை கிளட்ச் மூன்றுக்கும் திரவம் வேறு வேறு. 'எல்லா வகைக்கும் ஏற்றது' என்று எழுதிய டப்பாவை இந்த இடத்தில் நான் தொடமாட்டேன். கையேட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஸ்டீயரிங் மின்சாரத்தில் இயங்கினால் அதற்குத் திரவமே கிடையாது.

பின்சேர்க்கை: மேனுவல் கியருக்கு ஜிஎல்-4 என்ற தரத்தில் கியர் ஆயில் கேட்டிருக்கிறது, ஜிஎல்-5 அதைவிட உயர்ந்ததுதானே, ஊற்றலாமா என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊற்ற வேண்டாம். ஜிஎல்-5, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் கடும் அழுத்தத்துக்காகச் செய்தது. அதில் அதிகமாக உள்ள கந்தகச் சேர்மங்கள் கியர்பெட்டிக்குள் இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். கியர் விழுவதும் கரடுமுரடாகும். இங்கே பெரிய எண் என்பது வேறு வேலைக்கானது. இரண்டுக்கும் பொருந்தும் என்று கியர்பெட்டித் தயாரிப்பாளரே சொன்ன ஆயில் மட்டும் விதிவிலக்கு.

படி 7: கிரீஸ்

கதவுக் கீலுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ், ரப்பர் விளிம்புகளுக்குச் சிலிகோன் ஸ்பிரே. துரு இளக்கும் ஸ்பிரே சீக்கிரம் காய்ந்துவிடும், அதை உயவுப் பொருளாக எண்ண வேண்டாம். பிரேக் பேடுகளை அழுத்தும் கேலிப்பரின் பின்களுக்கு அதற்கென்றே விற்கும் சிலிகோன் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் அங்குள்ள ரப்பரைக் கெடுத்துவிடும்.

எல்லாம் ஊற்றி முடித்ததும், காலி டப்பாக்களின் பின்பக்கத்தை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் சேர்த்து எழுதி வையுங்கள். அடுத்த முறை வாங்கும்போது அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம். வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், அதே டப்பாவில் அடைத்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். கூலன்ட்டையும் பிரேக் திரவத்தையும் அதில் சேர்க்காமல் தனித்தனியாக அடையுங்கள். கலந்துவிட்டால் அந்த ஆயிலை மறுசுழற்சி செய்ய முடியாது.