ஊர்ப் பத்திரிகையின் வரலாற்றை எழுதும் முறை: ‘ஈழகேசரி’யை முன்வைத்து

சிற்றூர் ஒன்றிலிருந்து வெளிவந்த பத்திரிகையின் வரலாற்றை எழுத முனைவோர் பெரும்பாலும் வெள்ளிவிழா மலரையும் நிறுவுநரைப் பற்றிய நினைவுரைகளையும் கையில் எடுத்துக்கொண்டே தொடங்குகின்றனர். அவை பயனுள்ளவைதாம், ஆயினும் பாராட்டும் நோக்கத்தோடு எழுதப்பட்டவை என்பதால், பத்திரிகை பட்ட கடனும் தடுமாற்றமும் அவற்றில் இடம்பெறுவது அரிது. வரலாறு இதழ்களிலிருந்தே எழுதப்பட வேண்டும். மலர்களும் நினைவுரைகளும் பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உதவலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்தில் நா. பொன்னையா 1930 ஜூன் 22 அன்று தொடங்கி, 1958 வரை வெளிவந்த ‘ஈழகேசரி’ வாரப் பத்திரிகையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அம்முறையை இங்கே விளக்குகிறேன்.

முதல் வேலை இதழ்களைத் தேடுவது. 1981 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் நடந்த வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. ‘ஈழநாடு’ நாளிதழின் அலுவலகமும் அவ்வன்முறையிலேயே எரிந்தது. ஆகவே வடபகுதிப் பத்திரிகை எதற்கும் முழுத் தொகுதி ஓரிடத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணையவழி எண்ணிம நூலகத்தில் உள்ள இதழ்களை முதலில் பட்டியலிட்டுக்கொண்டு, விடுபட்டவற்றைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தேட வேண்டும். அதன் பின்னர் பழைய பள்ளி ஆசிரியர்கள், சனசமூக நிலையங்கள், ஓய்வூதியர் குடும்பங்கள் ஆகியோரிடம் கேட்க வேண்டும். வீட்டில் சேர்த்துவைத்த கட்டுகளைப் பார்க்கத் தருபவர்களிடம் அவற்றை இரவல் கேட்காமல், அங்கேயே இருந்து படமெடுத்துக்கொள்வதே முறை. பழைய செய்தித்தாள் மடிப்பில்தான் முதலில் உடையும் என்பதால், அதை விரிக்கும்போது அடியில் ஒரு தடித்த மட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த ஒவ்வோர் இதழுக்கும் திகதி, மலர் எண், இதழ் எண், பக்கங்கள், விலை, அச்சிட்டு வெளியிடுபவரின் பெயர் ஆகியவற்றைக் குறித்து ஓர் அட்டவணை அமைக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் வேறெந்தச் சான்றும் தராத செய்திகளை இது தரும். பக்கம் குறைந்த மாதத்தையும் விலை ஏறிய மாதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டாம் உலகப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாடு அந்தப் பத்திரிகையை எப்போது, எவ்வளவு நெருக்கியது என்பது தெரியும். முகப்பில் தமிழ் ஆண்டும் மாதமும் இருந்தால் அவற்றையும் எழுதிக்கொண்டு ஆங்கிலத் திகதியோடு ஒத்துப்பாருங்கள். எடுத்துக்காட்டாக, முதல் இதழ் வெளிவந்த 1930 ஜூன் 22 ஞாயிற்றுக்கிழமை. அந்நாள் பிரமோதூத வருடம் ஆனி மாதத்தில் வந்தது. கிழமை பொருந்தாத திகதி பெரும்பாலும் அச்சுப்பிழையாகவோ பின்னாளில் நினைவிலிருந்து எழுதியதாகவோ இருக்கும்.

அடுத்தது அச்சகம். இதற்குத்தான் மிகுந்த நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன், ஏனெனில் சிற்றூர்ப் பத்திரிகை தன் விற்பனையால் மட்டும் பிழைப்பது அரிது. அதைத் தாங்குவது அச்சகத்தின் மற்ற வேலைகளே. பர்மாவில் அச்சுத்தொழில் பழகிவந்த பொன்னையாவின் திருமகள் அழுத்தகம் பத்திரிகையோடு நூல்களையும் அச்சிட்டது. தமிழறிஞர் சி. கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளோடு தொல்காப்பிய எழுத்ததிகாரத்தைப் பொன்னையா 1937 இல் பதிப்பித்தார். வாரப் பத்திரிகை நடத்தும் ஊர் அச்சகம் ஒன்று இலக்கணப் பெருநூலையும் கோத்து அச்சிட்டது என்றால், அங்கிருந்த அச்சுக்கோப்பாளரின் திறனையும் பிழைதிருத்துவோரின் புலமையையும் நாம் மதிப்பிட்டே ஆக வேண்டும். ஆகவே அவ்வழுத்தகத்தின் பெயர் தாங்கிய நூல்கள், பாடப்புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள் எல்லாவற்றையும் சேர்த்து அட்டவணைப்படுத்துங்கள்.

விளம்பரங்களையும் இதே கவனத்தோடு வாசிக்க வேண்டும். விளம்பரம் தந்தவர்கள் சுன்னாகச் சந்தையைச் சுற்றியிருந்த கடைக்காரர்களா, யாழ்ப்பாண நகர வணிகர்களா, கொழும்பு நிறுவனங்களா என்று ஆண்டுவாரியாகப் பிரித்தால், பத்திரிகையின் வீச்சு எங்கெங்கே பரவியது என்பது புலனாகும். சந்தா அறிவித்தல்களில், யாழ்ப்பாணத்தவர் பலர் அக்காலத்தில் பணிக்குச் சென்ற மலாயாவுக்குத் தனிக் கட்டணம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறிக்கப்பட்டிருந்தால், 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபின் அவ்வறிவித்தல் என்னவாயிற்று என்பதையும் தேடுங்கள்.

ஆசிரியர்களின் பெயர்கள் எளிதாகக் கிடைக்கும். சோ. சிவபாதசுந்தரம், இராஜ அரியரத்தினம் ஆகியோரைப் பற்றி ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளது. அச்சுக்கோப்பாளர், முகவர், ஊர்ச் செய்தியாளர் ஆகியோரைக் கண்டறிவதே கடினம். அதற்கு யாழ்ப்பாணத்தில் ஓர் அரிய வாய்ப்பு உண்டு: இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும், ‘கல்வெட்டு’ எனப்படும் நினைவு நூல்கள். வம்சாவளி, தொழில், ஊர்த்தொடர்பு ஆகியவை அவற்றில் விரிவாகக் கிடைப்பதால், பத்திரிகையில் வெறும் பெயராக நிற்கும் ஒருவர் யார் என்பதை அவற்றின் வழியே உறுதிசெய்யலாம். நூலகம் தளத்தில் நினைவு மலர்களும் சேர்க்கப்பட்டுள்ளன.

உள்ளடக்கத்தை ஆராயும்போது முழுவதையும் சுருக்க முயலாமல், சில நிகழ்வுகளைத் தேர்ந்து ஆழமாகப் பாருங்கள். 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று வடக்கின் நான்கு தொகுதிகள், இலங்கையின் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கான தேர்தலைப் புறக்கணித்தன. அவ்வாரங்களின் தலையங்கங்களையும் வாசகர் கடிதங்களையும் யாழ்ப்பாணத்துச் சைவப் பத்திரிகையான ‘இந்து சாதனம்’ அதே வாரங்களில் எழுதியவற்றோடு வரிக்கு வரி ஒப்பிட்டால், பத்திரிகையின் நிலைப்பாடு பிற்காலத்தவரின் கூற்றை நம்பாமலே தெளிவாகும். அதுபோலவே இலங்கையர்கோன், சி. வைத்திலிங்கம், சம்பந்தன் முதலிய தொடக்கக்காலச் சிறுகதையாளர்களின் எழுத்துகள் எந்தெந்த இதழில் வந்தன என்பதைப் பட்டியலிடுவது இலக்கிய வரலாற்றுக்கும் பெருந்துணை.

நேர்காணல்களை இறுதியில் வைத்துக்கொள்ளுங்கள். இதழின் படத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால், முதியவர்களின் நினைவு பொதுப்படையான புகழுரையில் நின்றுவிடாமல் குறிப்பான செய்திகளுக்கு வரும். எழுதி முடித்ததும், எந்தெந்த இதழ்களைப் பார்த்தீர்கள், எவை கிடைக்கவில்லை என்ற பட்டியலை நூலின் பின்னிணைப்பாகச் சேர்த்து, எடுத்த படங்களின் பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும் அந்த ஊர் நூலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.