கிதார் மேதைகளை வரிசைப்படுத்த உட்காரும் முன்

கொடைக்கானலில் பனி இறங்கி மின்சாரமும் போய்விட்ட மாலைகளில் கிதார் வாசிப்பவர்கள் நான்கு பேர் கூடினால், உலகின் தலைசிறந்த கிதார் கலைஞர் யார் என்ற வழக்கு தொடங்கிவிடும். அதைத் தாளில் எழுதி முடிக்க விரும்புகிறவர்கள், பெயர்களுக்கு முன்பாக, எதை அளக்கப்போகிறோம் என்பதை எழுதிக்கொள்ள வேண்டும்.

விரல்வேகத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அளப்பது எளிது என்பதாலேயே எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். 1928இல் நேர்ந்த தீ விபத்தில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிய ஜாங்கோ ரைன்ஹார்ட், பெரும்பாலும் மீதமிருந்த இரு விரல்களாலேயே தனி வாசிப்புகளை வாசித்து, ஜாஸ் கிதாருக்குத் தனிப் பாணி வகுத்தார். அவற்றை நான்கு விரல்களால் இன்னும் வேகமாக வாசிப்பவர்கள் இன்று இருக்கலாம், ஆனால் அந்தப் பாதையை வெட்டியவர்கள் அவர்கள் அல்லர். எனவே, ‘இவர் வந்திராவிட்டால் பின்வந்தவர்களின் கைகளில் எது இருந்திருக்காது?’ என்ற கேள்வியையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

அடுத்து, தாளைப் பத்திகளாகப் பிரியுங்கள். குடல் தந்தியையும் பின்னர் நைலான் தந்தியையும் நகத்தால் மீட்டிப் பெரிய அரங்குகளில் கிதாருக்கு இடம் பெற்றுத்தந்த ஸ்பானியச் செவ்வியல் கலைஞர் செகோவியாவையும், 1966 முதல் 1970 வரையிலான நான்கே ஆண்டுப் புகழில் ஆம்ப்ளிஃபையரின் ஊளையைக்கூட இசையாக ஆண்ட ராக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸையும் ஒரே பத்தியில் எழுதுவது, வீணையையும் நாதஸ்வரத்தையும் ஒரே தட்டில் நிறுப்பதற்குச் சமம். மேற்கத்திய ஸ்வரங்களுக்காக மெட்டுக்கட்டைகள் (ஃப்ரெட்) பதித்த கருவியில் தந்தியை இழுத்தும் வழுக்கியும் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) எடுக்கும் கர்நாடக இசைக் கிதார் கலைஞர் பிரசன்னாவுக்கு மூன்றாவது பத்தி வேண்டும். இங்கே யாராவது மாண்டலின் ஸ்ரீனிவாஸை நுழைக்கப் பார்ப்பார், மரியாதையுடன் மறுத்துவிடுங்கள்.

கடைசிப் பத்தி திரையிசையில் கிதார் வாசித்தவர்களுக்கு; அதில் பெயர்கள் குறைவாகவே இருக்கும். பழைய தமிழ்த் திரைப்பட இசைத்தட்டு உறைகளில் இசையமைப்பாளர், பாடகர் பெயர்கள் இருக்கும், கிதார் வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. என் கணிப்பில், நம்மில் பலருக்குக் கிதாரைக் காதில் ஏற்றியவர்கள் அவர்களே; ஆகவே அந்தப் பத்தியை வெற்றாகவாவது வைத்திருங்கள்.

உள்ளூர்க் கலைஞர் ஒருவரைச் சேர்ப்பதானால், ஐப்பசி மழையில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஈரத்தில் மரம் உப்பித் தந்தி உயர்ந்துவிடுவதால், அழுத்துவது கடினமாகிச் சுருதியும் விலகும். வெயில் வந்து நாலு நாள் கழிந்தபின் அதே கிதாரில் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.