வீட்டுவழிக் கல்வி: வாரத் திட்டம் போடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோரில் பலர், ஞாயிற்றுக்கிழமை இரவு அடுத்த வாரத்துக்கான பாடங்களை எழுத உட்காரும்போது பாடப்புத்தகத்தைத் திறந்து, சென்ற வாரம் நிறுத்திய பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். திருச்சியில் காவிரிக்கரையை ஒட்டிய வீட்டில் ஏழு வயது மகளையும் நான்கு வயது மகனையும் வைத்துக்கொண்டு நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். பக்கங்கள் நகர்ந்தன, ஆனால் சென்ற வாரம் குழந்தை எங்கே தடுமாறியது, எதைக் கேட்டது, எதைத் தானாகச் செய்துபார்த்தது என்பவை எந்தத் திட்டத்திலும் இடம்பெறவில்லை. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் துணிபு.

பள்ளி அட்டவணையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவது முதல் தவறு. காலை ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்குக் கணக்கு, பதினொன்றுக்குச் சூழ்நிலையியல் என்று சுவரில் ஒட்டிவைத்தால் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். தொடக்கப்பள்ளியில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டம் வகுத்த விகிதம். அத்தனை பேரை ஒருவர் நடத்திச்செல்ல வேண்டியிருப்பதால் அங்கே மணியும் பாடவேளையும் தேவைப்படுகின்றன. இரண்டு குழந்தைகளுக்கு முன்னால் நாள் முழுவதும் பெற்றோர் இருக்கும் வீட்டில் அந்தத் தேவையே எழுவதில்லை. என் மகனால் ஒரே இடத்தில் பத்து நிமிடம் கருத்தாக உட்கார முடிகிறது, மகளால் இருபது நிமிடம். அதற்குமேல் உட்காரவைத்தால் பாடம் நடக்கும், படிப்பு நடக்காது. புத்தகமும் பென்சிலுமாக உட்காரும் நேரத்தை நாளொன்றுக்கு ஒன்றரை மணிக்குள் அடக்கி, அதையும் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டால், மீதி நேரத்தில் நடப்பதைக் கவனிக்கப் பெற்றோருக்குக் கண் கிடைக்கும்.

எழுத்து வரிசை

தமிழ் கற்பிப்பதில் நடக்கும் தவறுகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குழந்தைக்குப் படிப்பின்மேல் வரும் முதல் அலுப்பு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துகளையும் வரிசையாக எழுதி முடித்த பிறகுதான் சொற்களுக்குப் போக வேண்டும் என்று நினைத்து, வாரத்துக்கு ஒரு வரிசையாகப் பிரித்துக்கொள்கிறோம். அந்தக் கணக்கில் மாதக்கணக்காகக் குழந்தை எழுத்துகளை எழுதிக்கொண்டேயிருக்கும். ஆனால் கடைப்பலகையில் இருக்கும் ஒரு சொல்லைக்கூட வாசித்திருக்காது. வரிசையின் முதலில் நிற்கும் அகரமும் இகரமும் சுழிவும் வளைவும் கூடியவை. கை இன்னும் பழகாத பிள்ளைக்கு அவை கடினமான வடிவங்கள். நேர்க்கோடுகளால் ஆன ட, ப ஆகியவற்றோடு ம-வையும் எடுத்துக்கொண்டு புள்ளியையும் சொல்லிக்கொடுத்துவிட்டால், படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே குழந்தை வாசித்துவிடும். ஆடிக் காற்றில் பட்டம் விடும் நாட்களில் 'பட்டம்' என்ற சொல்லைத் தானாக வாசித்த மகன், அதைத் தாத்தாவிடம் காட்ட நோட்டோடு ஓடினான். வரிசையாக எழுதிய பக்கங்களை அவன் எவரிடமும் காட்டியதில்லை.

கொம்பும் காலும் வரும் எழுத்துகளைப் பற்றித் தனியாக ஒரு சொல். 'கெ' என்று ஒலிக்கும்போது ககரம் முதலில் வருகிறது, எழுதும்போதோ கொம்பு முதலில் வருகிறது. 'கொ' என்றால் ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். பெரியவர்களான நமக்கு இது உறைப்பதே இல்லை. இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாக வாசிக்கப் பழகிய குழந்தைக்கு இது பெரும் புதிர். என் மகள் 'கொடி' என்பதை வாரக்கணக்கில் 'கெடி' என்றும் சில வேளை 'காடி' என்றும் வாசித்தபோது, கவனக்குறைவு என்று எண்ணிக் கடிந்துகொண்டேன். ஒருநாள் அவள் விரல் எங்கே போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். விரல் முதலில் கொம்பில் நின்றது, பிறகு ககரத்துக்கு வந்தது, அங்கே 'கெ' என்று வாய் சொல்லி முடித்த பிறகுதான் கால் கண்ணில் பட்டது. அவள் மிகக் கவனமாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அட்டையில் கொம்பையும் ககரத்தையும் காலையும் தனித்தனியாக வெட்டிக் கொடுத்து, ககரத்தை முதலில் வைத்துவிட்டு இரு பக்கமும் சேர்க்கச் சொன்னேன். நான்கு நாட்களில் தடுமாற்றம் நின்றது. திட்டத்தில் அந்த வாரத்துக்கு எழுதியிருந்த வரிசையைத் தொடவே இல்லை, தொட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ண, ன, ந வேறுபாட்டை மூன்று சுழி, இரண்டு சுழி என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வதும் போதாது. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பெயர்களிலேயே வழி இருக்கிறது: வண்டியில் டகரத்துக்கு முன் ண், கன்றில் றகரத்துக்கு முன் ன், பந்தில் தகரத்துக்கு முன் ந். இப்படிச் சொற்களோடு பழகிய குழந்தை எழுத்துப்பிழையைத் தானே கண்டுபிடிக்கிறது. தாத்தா, பாட்டி வைத்திருக்கும் பழைய கதைப்புத்தகங்களை எடுத்துக் கொடுக்கும் வீடுகளில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ணை, லை, ளை, னை, றா, னா போன்றவை வேறு வடிவத்தில் அச்சாகின. அந்தப் புத்தகத்தில் குழந்தை திக்கினால் அது குழந்தையின் பிழை அன்று. இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் ஆர்வமாகப் பார்ப்பார்கள்.

வாசித்துக் காட்டுவதைத் திட்டத்தில் சேர்க்காமல் 'நேரம் கிடைத்தால்' என்று விட்டுவிடுவதும் தவறுதான். வீட்டில் நாம் 'வந்துக்கிட்டு இருக்கான்' என்று பேசுகிறோம், புத்தகமோ 'வந்துகொண்டிருக்கிறான்' என்கிறது. இந்த இரண்டாவது தமிழைக் காதால் கேட்டுப் பழகாத குழந்தை, எழுத்துக் கூட்டி வாசித்த பிறகும் பொருள் புரியாமல் விழிக்கும். இரவில் படுக்கப் போகும் முன் கால்மணி நேரம், எழுத்துத் தமிழை மாற்றாமல், ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினால் போதும்.

எண்ணும் புளியங்கொட்டையும்

ஒன்றிலிருந்து நூறு வரை ஒப்பிக்கத் தெரிந்தால் எண் தெரிந்துவிட்டது என்று கொள்வது பரவலான தவறு. இருபத்தொன்பதுக்குப் பிறகு 'இருபத்துப் பத்து' என்று சொல்லும் குழந்தையைத் திருத்திவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுகிறோம். உண்மையில் அந்தப் பிள்ளை எண்களின் அமைப்பைப் புரிந்துகொண்டுதான் பேசுகிறது, பத்துகள் புதிதாகக் கட்டப்படும் இடம் மட்டுமே அதற்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த வாரம் செய்ய வேண்டியது, புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகச் சிறு துணியில் முடிந்துவைப்பது. தொண்ணூறு என்ற பெயரில் நூறும், தொள்ளாயிரம் என்ற பெயரில் ஆயிரமும் காதில் விழுவதால், எழுதச் சொன்னால் பிள்ளைகள் குழம்புவது இயல்பு. ஒன்பது முடிச்சுகளைக் கையில் கொடுத்துவிட்டுப் பெயரைச் சொன்னால் குழப்பம் குறையும்.

பல்லாங்குழியை விளையாட்டு என்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை, அதைக் கணக்கு நேரத்திலேயே வைக்கலாம். பதினான்கு குழிகளில் ஐந்தைந்தாகப் போட்டால் 70 கொட்டைகள் வேண்டும் என்பதை என் மகள் வாய்ப்பாடு கற்கும் முன்பே முடிச்சுகளை அவிழ்த்து எண்ணிக் கண்டுபிடித்தாள். ஒரு குழியில் நான்கு சேர்ந்தவுடன் 'பசு' என்று எடுக்க வேண்டும் என்பதால், மகன் எண்ணாமலேயே நான்கைக் கண்ணால் அறியப் பழகிவிட்டான்.

செயல்பாடு என்ற பெயரில்

வண்ணத்தாள், பசை, அச்சிட்ட படம் என்று வாரம் ஒரு கைவேலை வைத்துவிட்டு அதைச் செயல்பாடு என்று குறித்துக்கொள்வதில் எனக்கு நிறைய வருத்தம் உண்டு. வெட்டுவது அம்மா, ஒட்டுவது அம்மா, கடைசியில் கண்ணை மட்டும் ஒட்டுவது குழந்தை என்றால், அங்கே குழந்தைக்கு எந்தக் கேள்வியும் இல்லை. விதை முளைக்கவைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஆனால் முளைத்ததும் படம் எடுத்து முடித்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் பச்சைப்பயறு ஈரத்துணியில் வெள்ளையாக முனை விட்ட மறுநாள், மகள் கேட்டாள்: "அம்மா, விதையைத் தலைகீழாப் போட்டா வேர் மேல போயிடுமா?" அந்த வாரத் திட்டத்தில் மறுநாளுக்குப் போக்குவரத்து வகைகள் இருந்தன. அதை விட்டுவிட்டு, கண்ணாடி டம்ளரின் உட்பக்கம் ஈரத்தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு மொச்சைகளை நான்கு திசைகளில் செருகினோம். எது எப்படி வளரும் என்று இருவரும் முன்கூட்டியே படம் வரைந்துவைத்தார்கள். வேர்கள் வெளிவந்தபோது மேல்நோக்கி வைத்த விதையின் வேரும் வளைந்து கீழே இறங்கியதைக் கண்டு, மகன் டம்ளரையே படுக்கவைத்துப் பார்த்தான். இரண்டு நாளில் வேர் மறுபடி வளைந்தது. அது அவனுடைய சோதனை, நான் சொல்லிக்கொடுத்ததன்று.

இருக்கும் இடமும் பருவமும் கொண்டுவரும் பாடத்துக்குத் திட்டத்தில் இடம் வைக்காததால் நான் இழந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நீர் இருப்பு போதுமான ஆண்டுகளில் மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுகிறது. சில நாட்களில் தண்ணீர் முக்கொம்பைத் தாண்டித் திருச்சிக்கு வந்து கல்லணை நோக்கிப் போகும். வறண்ட மணலில் நுரையும் சருகுமாக அந்த முதல் நீர் ஊர்ந்துவருவதை ஆண்டில் ஒருமுறைதான் பார்க்கலாம். ஓராண்டு, தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து சொன்னபோது, கழித்தல் கணக்கு முடிந்த பிறகு போகலாம் என்று பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டேன். நாங்கள் படித்துறைக்குப் போனபோது ஆறு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு அந்த வாரம் முழுவதையும் ஆற்றுக்கென்றே காலியாக வைத்தேன். படியில் சாக்பீஸால் கோடு போட்டுத் தினமும் எத்தனை படி மூழ்கியது என்று எழுதினார்கள். "காவிரியில தண்ணி வந்துருச்சு, கொள்ளிடத்துல ஏன் வரல?" என்று மகள் கேட்டதிலிருந்து முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிவதும், பாசனத்துக்கான நீர் காவிரிப் பக்கம் விடப்படுவதும், வெள்ள உபரியைத்தான் கொள்ளிடம் சுமக்கிறது என்பதும், நடுவிலுள்ள திருவரங்கம் ஒரு தீவு என்பதும் வரைபடத்தோடு வந்து சேர்ந்தன. வாரத்துக்கு ஒரு நாளையாவது எதுவும் எழுதாமல் விட்டுவைக்கப் பழகியது அதன் பிறகுதான்.

சில தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வயது வேறான இரு பிள்ளைகளுக்கும் முற்றிலும் தனித்தனியான திட்டம் போட்டால் பெற்றோர் களைத்துப்போவார்கள். பொருள் ஒன்றாக இருக்கட்டும், பெரியவள் எழுதட்டும், சின்னவன் வரையட்டும். உறவினர் வரும்போதெல்லாம் "மாமாவுக்கு ஏபிசிடி சொல்லிக் காட்டு" என்று நிறுத்திவைப்பது பிள்ளைக்குப் படிப்பைத் தேர்வாக்கிவிடும். பிற குழந்தைகளோடு விளையாடும் மாலை நேரத்தைப் பாடம் முடியவில்லை என்று பிடுங்கக் கூடாது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அது மற்ற பிள்ளைகளைவிடவும் அதிகம் தேவை.

பதிவுகள் இல்லாமல் நடத்துவது பின்னாளில் சிக்கலைத் தரும். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாகச் சொல்கிறது. வீட்டுவழிக் கல்வியைத் தனியாக எடுத்துப் பேசவில்லை. பள்ளி செல்லாத பிள்ளையை எப்போது கொண்டுபோனாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளையும், 14 வயதானவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வையும் நடத்துகிறது. இந்தக் கதவுகள் திறந்திருக்க வேண்டுமானால் பிறப்புச் சான்றிதழோடு, பிள்ளை என்ன படித்தது என்று காட்டும் நோட்டுகளும் பத்திரமாக இருப்பது நல்லது.

அதே நோட்டுத்தான் அடுத்த வாரத் திட்டத்துக்கும் மூலம். நான் வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகள் தெருவில் விளையாடும்போது அரைமணி நேரம் உட்கார்ந்து, முடித்த பக்கங்களை எழுதாமல், மூன்று செய்திகளை மட்டும் எழுதுகிறேன்: எங்கே நின்றார்கள், எதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள், என்ன கேட்டார்கள். சென்ற வாரக் குறிப்பு இது: "மகள் - 'வௌவால்' வாசிக்கும்போது ஔகாரக் குறியை ளகரமாக நினைத்து நிற்கிறாள். தராசில் வெங்காயத்தை மூன்று முறை நிறுத்துப் பார்த்தாள். மகன் - பகலிலும் நிலா ஏன் தெரிகிறது என்று கேட்டான்." இந்த வாரம் அட்டையில் ஔகாரக் குறியை வெட்டியிருக்கிறோம், காய்கறிக்காரரிடம் எடைக்கற்களைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம், அமாவாசையிலிருந்து தினமும் நிலாவை வரையக் காலண்டரின் பின்பக்கத்தில் முப்பது கட்டம் போட்டாயிற்று.