பரணில் கிடந்த ரவுட்டர்

குலசேகரத்தில் மாமா வீடு பழைய ஓட்டு வீடு. சுவரெல்லாம் நல்ல கனம். முன்னறையில் வைஃபை பறக்கும். அடுக்களையைத் தாண்டி ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகைக்குப் போனால் சுத்தமாக இல்லை. “மக்களே, அங்க ஒண்ணுமே கிட்டல்ல” என்றார். கடையில் ரிப்பீட்டர் வாங்கச் சொன்னார்களாம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. வலுவில்லாத சிக்னலைத்தானே வாங்கித் திரும்பக் கொடுக்கும்? பரணில் கிடந்த பழைய ரவுட்டரையே கொட்டகைப் பக்கம் வைக்க ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கினேன், அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி.

முதலில் லேப்டாப்பைப் பழைய ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் போனேன். முன்னறை ரவுட்டரின் நெட்வொர்க் முகவரி 192.168.1.1 என்பதால் இதற்கு 192.168.1.2. அப்புறம் டிஹெச்சிபியை, அதாவது போன், லேப்டாப்புகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதியை, அணைத்தேன். இதுதான் முக்கியம். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பெட்டிகள் முகவரி வழங்கினால், போனில் சிக்னல் முழுசாகக் காட்டும், நெட் மட்டும் சில நேரம் வராது. முன்னறையிலிருந்து வரும் கேபிளை வெளி இணைப்புக்கான வான் போர்ட்டில் அல்ல, வீட்டுச் சாதனங்களுக்கான லேன் போர்ட்டில் செருக வேண்டும்.

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே. நடந்துகொண்டே பேசினால் போன் தானாக மாறிக்கொள்ளும். சில போன்கள் பழையதையே பிடித்துத் தொங்கும், அது அவற்றின் குணம். சிக்னல் ஓடும் தடமான சேனல் மட்டும் வேறு வேறு. வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காதவை 1, 6, 11. முன்னே 1, பின்னே 11 வைத்தேன். அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றியாயிற்று.

வானம் இருட்டிக்கொண்டு வந்தால், இடி தொடங்கும் முன்பே இரண்டு பிளக்கையும், நடுவில் ஓடும் கேபிளையும் கழற்றிவிடும்படி மாமியிடம் சொல்லியிருக்கிறேன். ஐப்பசியில் இந்தப் பக்கம் இடிக்குப் பஞ்சமில்லை.