மாரிக்கு முன்னம் பிக்கப் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் ஒழுங்கையைப் பாருங்கள்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கிய பிறகு, புதுப் பிக்கப் வாங்குவது பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். "ஹைலக்ஸா, டி-மக்ஸா, பொலேரோ போதுமா?" என்றுதான் கேள்வி வரும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் படலையிலிருந்து தார் றோட்டு வரைக்கும் என்ன மண்?

முதல் வேலை, நடந்து பார்ப்பது. ஒரு நல்ல மழை பெய்த அடுத்த நாள் காலையில் வீட்டு ஒழுங்கை, வயல் பாதை, குளக்கட்டு என்று நீங்கள் வண்டி கொண்டுபோகப் போகும் இடமெல்லாம் நடந்து வாருங்கள். மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிசையுங்கள். கிரவல் என்றால் உதிரும், பெரிய கவலை இல்லை. செம்மண் மேலே வழுக்கும், ஆனால் கீழே பிடிக்கும். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி போன்றது கையைவிட்டே போகாது. ரயரையும் அப்படித்தான் பிடிக்கும். முல்லைத்தீவுக் கரையோரம், பூநகரிப் பக்கம் என்றால் மணல். இந்த நான்கில் எது உங்கள் பாதை என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

இரண்டாவது, பாரத்தைக் கணக்குப் போடுங்கள். நெல் மூட்டை ஒன்று 70 கிலோ என்று வைத்தால் 12 மூட்டைக்கு 840 கிலோ. இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கப்பில் நான்கு பேரும் ஏறினால் பல வண்டிகளுக்கு அது எல்லையைத் தாண்டிவிடலாம். பாரம்தான் முக்கியம், குடும்பம் ஏறுவது எப்போதாவதுதான் என்றால் ஒரு வரிசை இருக்கை மட்டும் உள்ள சிங்கிள் கப் எடுங்கள். போர் வீல் (நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கும் வசதி) வேண்டுமா என்றால், களிப் பாதை உள்ளவர்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்பேன். கிரவல் பாதையும் ஏ9 போன்ற தார் வீதியும்தான் என்றால் அந்தக் காசில் நல்ல ரயர் போடலாம். வாங்கினாலும் ஒன்றை மறக்க வேண்டாம். பகுதிநேரப் போர் வீல் (தேவைக்கு மட்டும் போடுவது) உள்ள பிக்கப்பைக் காய்ந்த தார் றோட்டில் போர் வீலில் ஓட்டக் கூடாது. வளைவில் முன் சில்லும் பின் சில்லும் ஒரே தூரம் ஓடுவதில்லை, அந்த இழுபறி கியர்களைத் தின்னும்.

இனி ரயர். இதில்தான் நான் பட்டுத் தெளிந்தேன். முதல் டபுள் கப் எடுத்த வருடம், காலபோக விதைப்புக்கு ஆறு மூட்டை விதைநெல் ஏற்றிக்கொண்டு வயல் பாதையில் இறங்கினேன். போர் வீலும் போட்டேன். நான்கு சில்லும் சுற்றுகிறது, வண்டி ஒரு முழம் நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் ரயரில் ஒரு வெட்டும் தெரியவில்லை. பள்ளமெல்லாம் களி அப்பி, சாணம் மெழுகிய திண்ணை மாதிரி வழுவழுவென்று இருந்தது. பக்கத்து வயல் அண்ணன் உழவு மெசினில் கயிறு கட்டி இழுத்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வண்டியில பிழை இல்லை. செருப்புத்தான் பிழை."

அந்தச் செருப்பில் மூன்று வகை. எச்.ரி. என்பது தார் றோட்டுக்கானது. பல புது வண்டிகளில் இதுதான் வரும், எனக்கும் இதுதான் வந்தது. ஏ.ரி. தாருக்கும் மண்ணுக்கும் நடுவில். எம்.ரி. சேற்றுக்கென்றே செய்தது, கட்டைகளுக்கிடையே இடைவெளி பெரிது, சுற்றும்போதே களியை வீசி எறியும். "அப்ப எம்.ரி.தானே?" என்று உடனே கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம். எம்.ரி. நனைந்த தாரில் பிரேக் பிடிக்க நேரம் எடுக்கும், இரைச்சலும் டீசல் செலவும் கூட. மாரி இரவில் ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டிப் போனவர்களுக்குத் தெரியும், ஈரத் தரையில் படுக்க மனமில்லாமல் மாடுகள் தாரில்தான் படுத்திருக்கும். கறுப்பு மாடு கண்ணில் படும்போது மிச்சமிருக்கும் தூரத்துக்குள் வண்டி நிற்க வேண்டும். போர் வீல் வண்டியைக் கிளப்பும், நிறுத்தித் தராது. அதனால் நாள் முழுக்கக் களியிலேயே கிடக்கிறவருக்கு மட்டும் எம்.ரி.; மற்ற எல்லோருக்கும் ஏ.ரி. என்பது என் முடிவு.

கடையில் ரயரின் பக்கச் சுவரை நீங்களே வாசியுங்கள். 265/65ஆர்17 என்று இருந்தால் அகலம் 265 மில்லிமீற்றர், பக்க உயரம் அதன் 65 வீதம், றிம் 17 அங்குலம். அதற்குப் பின்னால் 112 என்று வந்தால் ஒரு ரயர் 1,120 கிலோ தாங்கும். வண்டியோடு வந்ததைவிடக் குறைந்த எண் வேண்டாம். எல்.ரி. என்ற எழுத்திருந்தால் பாரத்துக்கென்று கெட்டியாகச் செய்தது. உடைமுள்ளும் வெட்டிய பற்றைக் கட்டையும் உள்ள பாதைக்கு நல்லது. பிறகு டி.ஓ.ரி. (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்தது. "புத்தம் புதுசு" என்று எனக்கு ஒரு கடையில் காட்டியது நான்கு வருடம் பழையது. நான் அதை எடுக்கவில்லை.

கனடாவில் இருக்கும் சொந்தங்கள் "விண்டர் ரயர் போடுங்கோ" என்று சொல்லுவார்கள். அவர்களுக்கு அது சரி. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டமே அப்படி. அந்த ரப்பர் 7 பாகை செல்சியசுக்குக் கீழும் இறுகாமல் இருக்கச் செய்தது. நம் மாரியில் அந்தக் குளிர் இல்லை. சூட்டில் அது இளகி, பிரேக் பிடி குறைந்து, சீக்கிரம் தேயும். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வண்டிகளில் இது கிடக்கலாம். பக்கத்தில் ஸ்டட்லெஸ் (STUDLESS) என்ற சொல் இருந்தால் ரயர் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பூட்டிய பிறகு காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். வெறும் வண்டிக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று இருக்கும். காலையில், ரயர் சூடாக முன் அடியுங்கள். மணலிலும் சேற்றிலும் 25 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் ரயர் அகன்று பிடிக்கும். பாரம் கூட என்றால் அவ்வளவு இறக்க வேண்டாம், மெதுவாகப் போங்கள். தாரில் ஏற முன் திரும்ப அடிக்க ஒரு சின்னப் பம்பு வண்டியிலேயே கிடக்கட்டும். பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை 1.6 மில்லிமீற்றரைக் காட்டும், ஆனால் மாரிக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுங்கள். ரீபில்ட் ரயரை (பழைய ரயரில் புது ரப்பர் ஒட்டியது) முன் சில்லுக்குப் போட வேண்டாம்.

குளம் நிரம்பி வான் பாய்ந்து பாதைக்கு மேலால் தண்ணீர் ஓடினால் எந்த ரயரும் உதவாது. முழங்காலளவு ஓடும் தண்ணீரே பிக்கப்பைத் தள்ளிக்கொண்டு போகும். வற்றும் வரை இக்கரையிலேயே நில்லுங்கள்.

வயலால் வந்து தாரில் ஏறும் இடத்தில் நான் எப்போதும் இறங்குவேன். ஒரு பூவரசந் தடியால் நான்கு ரயரின் பள்ளத்திலும் களியைக் கிளறி எடுப்பேன். ஐந்து நிமிடம்தான். அப்புறம்தான் வேகம் எடுப்பது.