டிரெயில் ரேஸில் முதல் முறை வாலண்டியரா? எய்ட் ஸ்டேஷன் வேலை, படிப்படியாக

மலைப்பாதையில் நடக்கும் ஓட்டப்பந்தயங்களுக்கு உதவ வேண்டும், ஆனால் நமக்கு ஓடிப் பழக்கமில்லையே என்று தயங்குகிறீர்களா? ஓடவே வேண்டாம். கவனமும் பொறுமையும் இருந்தால் போதும்.

1. வேலையைக் கேட்டு வாங்குங்கள்

பாதை பிரியும் இடத்தில் நிற்கும் மார்ஷல், கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் ஸ்வீப்பர் என்று பல வேலைகள் உண்டு. புதியவர்களுக்கு எய்ட் ஸ்டேஷன், அதாவது ஓடுபவர்களுக்கு வழியில் தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் கொடுக்கும் இடம்தான் சரி. விவரம் தெரிந்த ஒருவர் கூடவே இருப்பார்.

2. தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

உங்கள் ஸ்டேஷன் எத்தனையாவது கிலோமீட்டர், அடுத்தது எவ்வளவு தூரம், நடுவில் ஏற்றமா இறக்கமா, கட்-ஆஃப் நேரம் (அதற்குப் பிறகு வருபவரை மேலே ஓட விடாத நேரம்) என்ன, மருத்துவக் குழுவின் எண் என்ன. காட்டில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது; வாக்கி டாக்கி கொடுத்தால் கிளம்பும் முன்பே பேசிப் பாருங்கள். தொப்பி, மழைக்கோட்டு, டார்ச், உங்கள் சாப்பாடு எல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும்.

3. மேஜையை வையுங்கள்

தண்ணீர், ஓஆர்எஸ், வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பு தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு. வெயில் ஏற ஏற இனிப்பு திகட்டிவிடும்; உருளைக்கிழங்குதான் முதலில் காலியாகும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப்புகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. அதனால் ஓடுபவர் நீட்டும் டம்ளரிலோ பாட்டிலிலோ ஜக்கால் ஊற்றுங்கள். குரங்கு உள்ள இடமென்றால் பழத்தை மூடியே வையுங்கள்.

4. ஓடுபவர் வந்ததும்

முதலில் பிப் நம்பரை (அவர் சட்டையில் குத்தியிருக்கும் எண்) எழுதுங்கள், பக்கத்தில் நேரம். அதன் பிறகுதான் தண்ணீர். ஒருவரைக் காணவில்லை என்றால் எந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே தேடுவது என்பதை இந்தத் தாள்தான் சொல்லும். கூட்டமாக வரும்போது ஒருவர் எழுத மட்டுமே நிற்கட்டும்.

அப்புறம் முகத்தைப் பாருங்கள். "எங்கிருந்து வர்றீங்க?" என்று சும்மா கேளுங்கள். பதில் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ உட்கார வைத்து மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். உடம்பு கொதித்தால் அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய் உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஆனால் மயக்கம் என்றாலே தண்ணீரைக் குடிக்கவைக்கும் பழக்கம் இங்கே ஆபத்தாகலாம். பல மணி நேரம் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தவருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்தும் குமட்டல், தலைவலி, குழப்பம் வரும். மேலும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

தெளிவாக இருப்பவரிடம், "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். களைத்த மனுஷருக்கு அந்தக் கொஞ்சம் தீரவே தீராது. "அடுத்த ஸ்டேஷன் ஆறு கிலோமீட்டர், முதல் இரண்டு ஏற்றம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

5. கட்-ஆஃப்

நேரம் தாண்டி வருபவர் கெஞ்சினாலும் விடக் கூடாது. இருட்டில் அவரைத் தேடி இன்னும் நாலு பேர் இறங்க வேண்டியிருக்கும். முடிவை ஸ்டேஷன் பொறுப்பாளர் சொல்லட்டும். நீங்கள் நாற்காலியும் சூடாக ஏதாவதும் கொடுங்கள்.

6. மூடும்போது

ஸ்வீப்பர் வந்ததும் வந்தவர்கள், விலகியவர்கள் பட்டியலை முந்தைய ஸ்டேஷன் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒரு நம்பர் இடித்தாலும் உடனே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள். அது தீரும்வரை மேஜையை மடக்காதீர்கள். ஒத்துவந்தால் குப்பையை, பழத்தோல் உட்பட, மூட்டை கட்டிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.