ஹெட்லைட் பல்பு மாத்தறதுக்குள்ள
திம்பம் மலையில 27 கொண்டை ஊசி வளைவுங்க. பொழுது சாஞ்சு எறங்கறப்ப கார்ல ஒரு பக்க ஹெட்லைட் அவிஞ்சு போச்சு. சத்தியமங்கலம் வந்து சேர்ற வரைக்கும் உசுரு கையில இல்லீங்க.

மறுநாள் கோபியில ஊட்டு வாசல்லயே மாத்த உக்காந்தேன். பல்புக்குப் பின்னால சொருகியிருக்கற மூணு பின் சாக்கெட்டை நேரா பின்னால இழுக்கோணும், ஆட்டுனா ஒயர் கழண்டுக்கும். அப்புறம் ரப்பர் மூடி. அதுக்குள்ள பல்பைப் புடிச்சிருக்கற கம்பி கிளிப்புதாங்க பாடாப் படுத்துச்சு. கண்ணுக்குத் தெரியாது, பேட்டரி இடிக்கும், விரல் நுனியிலயே தடவி அமுக்கி ஒதுக்கோணும். முக்கா மணி நேரம் ஆச்சு, பொறங்கையெல்லாம் சிராய்ப்பு. நீங்க மொதல்லயே பேட்டரியக் கழட்டிருங்க, கறுப்பு ஒயரு முதல்ல.

எச்4 (ஹைபீம், லோபீம் ரெண்டும் ஒண்ணா இருக்கற வகை) பல்புன்னா 12 வோல்ட், ஹைபீமுக்கு 60, லோபீமுக்கு 55 வாட். 100 வாட் போடச் சொன்னா கேக்காதீங்க, ஹோல்டரே உருகிப் போகும். பல்பு கண்ணாடியத் தொடவே கூடாது. விரல் எண்ணெய் பட்ட எடம் சூடேறி பல்பு சீக்கிரம் போயிரும். பல்பு அடியில நீட்டிட்டு இருக்கற மூணு தகரக் காதுல பெருசு மேல வரோணும். காது அதுக்கான பள்ளத்துல சரியா உக்காரலீன்னா எதுக்க வர்றவங்க கண்ணுலதான் வெளிச்சம் அடிக்கும். இருட்டுனதும் செவுத்துல அடிச்சு ரெண்டு பக்கமும் ஒரே மட்டமான்னு ஒருக்கா பாத்துருங்க.